கிறிஸ்தவ நாவல்: உள்ளே என்ன இருக்கும், வாசகர் ஏன் தேடிப் போகிறார்

கதாநாயகன் ஞாயிறுதோறும் சர்ச்சுக்குப் போகிறான், கதாநாயகி வேதாகமம் வாசிக்கிறாள், கல்யாணத்தைப் போதகர் நடத்தி வைக்கிறார். இவ்வளவு இருந்தாலும் ஒரு நாவல் 'கிறிஸ்தவ நாவல்' ஆகிவிடாது. தஸ்தயேவ்ஸ்கியின் பாத்திரங்கள் கிறிஸ்துவைப் பற்றிப் பக்கம் பக்கமாக வாதாடுகிறார்கள். கிரகாம் கிரீன் குடிகாரப் பாதிரியார் ஒருவரையே நாயகனாக்கி எழுதியிருக்கிறார். ஆனால் அமெரிக்கப் புத்தகக் கடையில் இந்த இருவரும் பொது இலக்கிய அலமாரியில்தான் இருப்பார்கள். 'கிறிஸ்டியன் ஃபிக்‌ஷன்' என்று எழுதிய அலமாரி வேறு. அதற்கென்று தனிப் பதிப்பகங்கள், தனி விருது, தனி வாசகர் கூட்டம், எழுதப்பட்டும் எழுதப்படாமலும் சில விதிகள் உண்டு.

அந்த அலமாரியில் இருப்பவை பெரும்பாலும் அமெரிக்க இவாஞ்சலிக்கல் சபைகளின், அதாவது வேதாகமத்தையும் தனி மனிதரின் மனந்திரும்புதலையும் முன்னிறுத்தும் புராட்டஸ்டண்ட் சபைகளின், உலகத்திலிருந்து வருபவை. தமிழ்நாட்டில் சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே சபைகளில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பேச்சுமொழி பாதி பழக்கமானதுதான்: மனந்திரும்புதல், இரட்சிப்பு, சாட்சி, 'ஆண்டவர் பேசினார்'. அந்தப் பின்னணி இல்லாதவர்களுக்கு முதல் நாவல் கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். அதனால் கதை எப்படிக் கட்டப்படுகிறது என்பதிலிருந்து தொடங்கலாம்.

மூன்று இழை

சாதாரணக் காதல் நாவலில் இரண்டு இழைகள் ஓடும். ஒன்று வெளியே நடப்பது: பஞ்சம், வழக்கு, கொலை, பயணம். மற்றொன்று இருவர் மனம் நெருங்குவது. கிறிஸ்தவ நாவலில் மூன்றாவது இழை ஒன்று கட்டாயம் இருக்கும், அது முதன்மைப் பாத்திரத்துக்கும் கடவுளுக்கும் இடையில் நடப்பது. அதை உருவி எடுத்தால் கதை நிற்கக் கூடாது. எடுத்த பிறகும் கதை அப்படியே நிற்கிறதென்றால், அது ஜெபத்தை மேலே தூவிய சாதாரண நாவல்.

கனடாவைச் சேர்ந்த ஜேனட் ஓக் எழுதி 1979-இல் பெத்தனி ஹவுஸ் வெளியிட்ட 'லவ் கம்ஸ் சாஃப்ட்லி' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இன்றைய கிறிஸ்தவ நாவல் சந்தையின் தொடக்கமாகப் பலரும் இந்தச் சிறிய புத்தகத்தைத்தான் சொல்வார்கள். மேற்கு நோக்கிக் குடிபெயரும் வழியில் மார்ட்டி என்ற இளம் கர்ப்பிணியின் கணவன் இறந்துபோகிறான். மனைவியை இழந்து சிறு மகளோடு இருக்கும் கிளார்க், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதற்காக அவளை மணக்கக் கேட்கிறான். குளிர்காலத்தைத் தாக்குப்பிடிப்பது வெளி இழை. அந்நியனாக வந்த கணவன் மீது மெல்ல வரும் அன்பு இரண்டாவது இழை. கிளார்க் சாப்பாட்டுக்கு முன் கண்ணை மூடிப் பேசும் அந்தக் கடவுள் யார், தன் புருஷனைச் சாகவிட்டவர் எப்படி நல்லவராக இருக்க முடியும் என்ற அவளுடைய கேள்விதான் மூன்றாவது. அவள் அவனை நம்பத் தொடங்குவதும் அவன் நம்புகிறவரை நம்பத் தொடங்குவதும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டே போவதால், மூன்றில் எதையும் தனியாகப் பிரிக்க முடிவதில்லை.

மூன்றாவது இழைக்கு ஏறக்குறைய நிலையான ஒரு வடிவமே உண்டு. தொடக்கத்தில் பாத்திரத்தின் மனதில் கடவுளைப் பற்றி ஒரு தவறான எண்ணம் ஊன்றியிருக்கும். 'நான் செய்ததற்கு மன்னிப்பு கிடையாது', 'அவர் என்னைக் கைவிட்டார்', 'நான் நல்லவளாக நடந்தால்தான் அவர் நேசிப்பார்' என்பவை அடிக்கடி வருபவை. நடுவில் வரும் சம்பவங்கள் அந்த எண்ணத்தைத் தட்டிக்கொண்டே இருக்கும். கதையின் கடைசிக் கால்பகுதியில் எல்லாம் கைவிட்டுப் போகும் ஓர் இரவு வரும், அங்கே அந்த எண்ணம் உடையும். அதற்குப் பிறகு பாத்திரம் எடுக்கும் முடிவு, அது வரைக்கும் அதனால் எடுக்க முடியாத முடிவாக இருக்க வேண்டும். பல ஆண்டுகள் பேசாத அப்பாவைப் போய்ப் பார்ப்பது, ஒளித்து வைத்த உண்மையை ஒப்புக்கொள்வது இப்படி ஏதாவது. இந்தக் கடைசிப் படியை விட்டுவிடுகிற நாவலில் மனமாற்றம் வெறும் வார்த்தையாகத்தான் நிற்கும்.

எது வராது

அலமாரிக்கு முன்னால் நிற்கும் வாசகருக்கு, உள்ளே இருப்பதைப் போலவே இல்லாததும் முக்கியம். கெட்ட வார்த்தை வராது. ஒருவன் கோபத்தில் திட்டினால், 'அவன் வாயில் வந்ததெல்லாம் சொன்னான்' என்பதோடு முடிந்துவிடும். படுக்கையறைக் காட்சி வராது. கல்யாணமான தம்பதியாக இருந்தாலும் கதவு சாத்தப்படும், அடுத்த அத்தியாயத்தில் விடிந்துவிடும். நல்ல பாத்திரங்கள் குடிப்பதும் சூதாடுவதும் பல பதிப்பகங்களில் நெடுநாள் தடைப்பட்டிருந்தன.

ஆனால் கொலை வரும், கடத்தல் வரும், போர்க்களம் வரும், குழந்தை சாவது கூட வரும். பிணம் விழலாம், கெட்ட வார்த்தை விழக்கூடாது என்று கேலி செய்பவர்கள் உண்டு. கேலியில் நியாயமும் இருக்கிறது. இந்த ஏற்பாடு வேதாகமத்திலிருந்து நேராக வந்ததல்ல. தாவீது ராஜா பிறன் மனைவியான பத்சேபாளைப் பார்த்த கதையை வேதாகமம் இந்த நாவல்களைவிட வெளிப்படையாகவே சொல்கிறது. விதிகள் இறுகியதற்குப் பெரிய காரணம் கடைகள். அமெரிக்கக் கிறிஸ்தவப் புத்தக விற்பனையாளர்கள் 1950-இல் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். வேதாகமமும் ஞாயிறு பள்ளிப் பாடப் புத்தகமும் விற்கும் சிறு கடைகள் அவை. விற்காத புத்தகத்தைப் பதிப்பகத்துக்கே திருப்பி அனுப்பிவிடலாம் என்பது அந்த ஊர்ப் புத்தக வணிகத்தின் வழக்கம். ஒரு போதகரின் மனைவி கடைக்காரரிடம் வந்து 'இதை எப்படி விற்கிறீர்கள்?' என்று கேட்டால் போதும், பிரதிகள் திரும்பிப் போய்விடும். அந்தப் பயம் ஆசிரியர் குழுவின் மேசை வரைக்கும் வந்து உட்கார்ந்தது.

ஃபிரான்சின் ரிவர்ஸின் 'ரிடீமிங் லவ்' இதைத் தெளிவாகக் காட்டும். வேதாகமத்தில் வரும் ஓசியா தீர்க்கதரிசி விபசாரியான கோமேரை மணந்த கதையை, 1850-களின் கலிபோர்னியா தங்க வேட்டைக் காலத்துக்குக் கொண்டுவந்த நாவல் அது. சிறுமியாக இருக்கும்போதே விற்கப்பட்ட ஏஞ்சல் என்ற பெண்ணை மைக்கேல் ஓசியா என்ற விவசாயி மணக்கிறான். அவள் திரும்பத் திரும்ப ஓடிப்போகிறாள், அவன் திரும்பத் திரும்பத் தேடிப் போகிறான். 1991-இல் பொதுப் பதிப்பகம் ஒன்றில் வந்த இந்தப் புத்தகம், திருத்தப்பட்டு 1997-இல் மல்ட்னோமா என்ற கிறிஸ்தவப் பதிப்பகத்தில் மறுபடி வந்தது. அதற்குப் பிறகுதான் இந்த வகையில் மிக அதிகமாகப் படிக்கப்பட்ட நாவல்களில் ஒன்றாகியது. அப்படித் திருத்தியும், இது வரம்பு மீறியது என்று சொல்லும் கிறிஸ்தவ வாசகர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஃபேமிலி கிறிஸ்டியன் என்ற கிறிஸ்தவப் புத்தகக் கடை நிறுவனம் 200-க்கும் மேற்பட்ட தன் கடைகளை 2017-இல் மூடியது. அதே வகை நிறுவனமான லைஃப்வே 2019-இல் தன் கடைகளையெல்லாம் மூடுவதாக அறிவித்தது. காவல்காரர்கள் போய்விட்டார்கள். விதிகள் சற்றே தளர்ந்தாலும் போகவில்லை. அந்த விதிகளுக்காகவே புத்தகத்தை எடுக்கும் வாசகர்கள் அதற்குள் உருவாகிவிட்டார்கள்.

எங்கிருந்து வந்தது

வேர் பழையது. பெட்போர்டு சிறையில் கிடந்த ஜான் பனியன் எழுதி 1678-இல் வந்த உருவகக் கதையைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் 'மோட்ச பிரயாணம்' என்று அறிவார்கள். அதைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை பாடிய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894-இல் வெளிவந்தது. கம்பனில் ஊறிய நெல்லைக்காரர் அதைக் காப்பியமாக்கிக்கொண்டார், ஆங்கிலேயர்களும் அமெரிக்கர்களும் அதே வேரிலிருந்து நாவலுக்குப் போனார்கள்.

ஆனாலும் 19-ஆம் நூற்றாண்டின் பக்தியுள்ள வீடுகளில் நாவல் என்றாலே முகம் சுளிப்பார்கள். இட்டுக்கட்டிய கதை, நேரத்தைத் தின்பது, பெண்பிள்ளைகளைக் கெடுப்பது என்று பிரசங்கங்களே உண்டு. அந்தச் சுளிப்பு தளர்ந்ததற்கு இரண்டு புத்தகங்களுக்கு நல்ல பங்கு உண்டு. ஒன்று லூ வாலஸ் 1880-இல் எழுதிய 'பென்-ஹர்'. மற்றொன்றான 'இன் ஹிஸ் ஸ்டெப்ஸ்' பிறந்த விதம் தொடர்கதை வாசகர்களுக்குப் பிடிக்கும். கன்சாஸ் மாநிலம் டொபீகாவில் சார்லஸ் ஷெல்டன் என்ற போதகர், 1896-இல் ஞாயிறு மாலை ஆராதனைகளில் பிரசங்கத்துக்குப் பதிலாக வாரம் ஓர் அத்தியாயம் கதை வாசித்தார். விறுவிறுப்பான இடத்தில் நிறுத்துவார், அடுத்த வாரம் கூட்டம் இன்னும் கூடும். எதைச் செய்யும் முன்பும் 'இயேசு என்ன செய்வார்?' என்று ஓராண்டு கேட்டுப் பார்க்க ஒரு சபையார் தீர்மானிப்பதுதான் கதை. பதிப்புரிமையைப் பதிவு செய்ததில் குறை இருந்ததால் பல பதிப்பகங்கள் இஷ்டத்துக்கு அச்சடித்தன. அவருக்குக் காசு வரவில்லை, புத்தகம் உலகமெல்லாம் போனது. 1990-களில் அமெரிக்க இளைஞர்கள் அந்தக் கேள்வியின் முதலெழுத்துகளைக் கைப்பட்டையாக அணிந்து திரிந்தார்கள்.

வகைகளில் இரண்டைப் பற்றி

சரித்திரக் காதல், வேதாகமப் பாத்திரக் கதை, துப்பறியும் கதை, குடும்பக் கதை, கற்பனை உலகக் கதை என்று பொது நாவலில் உள்ள எல்லாப் பிரிவுகளும் இங்கேயும் உண்டு. அவற்றைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இந்த அலமாரிக்கே உரிய இரண்டு வகைகளை மட்டும் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம்.

முதலாவது ஆமிஷ் நாவல். கரண்ட் கம்பி இல்லாத வீடு, குதிரை வண்டி, எளிய உடை என்று வாழும் ஆமிஷ் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவச் சமூகத்தைக் களமாகக் கொண்டது. அட்டையில் வெள்ளைத் தொப்பி அணிந்த பெண் நிற்பாள், பின்னால் வயல் இருக்கும். பெவர்லி லூயிஸ் 1997-இல் எழுதிய 'தி ஷன்னிங்' இந்த அலையைத் தொடங்கி வைத்தது. பென்சில்வேனியாவின் லேங்காஸ்டர் வட்டாரத்துக் கதை அது. இவ்வகைக் கதைகளின் விசை ஒரே ஒரு சடங்கில் இருக்கிறது: ஞானஸ்நானம். ஆமிஷ் மக்கள் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. வளர்ந்தவர் தானே முடிவெடுத்து, சபையின் ஒழுங்குக்குக் கட்டுப்படுவதாக வாக்குக் கொடுத்துப் பெற வேண்டும். அதற்கு முன் ஒருவர் ஊரைவிட்டுப் போனால் வருத்தம் இருக்கும், ஆனால் பொதுவாக விலக்கு இருக்காது. வாக்குக் கொடுத்த பிறகு மீறினால் சபை விலக்கிவைக்கும், சொந்தத் தாயே ஒரே மேசையில் சேர்ந்து சாப்பிட மாட்டாள். ஆகவே ஆமிஷ் நாவலை எடுத்தால் முதலில் பார்க்க வேண்டியது கதாநாயகி ஞானஸ்நானம் பெற்றுவிட்டாளா என்பதை. அதைத் தெரிந்துகொண்டால், அவள் இழக்கப்போவது எவ்வளவு என்பது முதல் சில அத்தியாயங்களிலேயே புரிந்துவிடும்.

இந்த நாவல்களை எழுதுபவர்களில் பெரும்பாலோர் ஆமிஷ் அல்லர், வாசிப்பவர்களும் அப்படியே. அதனால் ஒரு பிசகு திரும்பத் திரும்ப நேர்கிறது. கதையின் உச்சத்தில் கதாநாயகி 'நான் இரட்சிக்கப்பட்டேன் என்று நிச்சயமாகத் தெரியும்' என்று அறிவிப்பாள். அது இவாஞ்சலிக்கல் பேச்சு. பழைய முறை ஆமிஷ் மக்கள் பலருக்கு அப்படி அடித்துச் சொல்வது பெருமை, அவர்கள் நம்பிக்கையோடு காத்திருப்பதாகத்தான் சொல்வார்கள். ஆமிஷ் வாழ்வைத் தெரிந்துகொள்ள இந்த நாவல்களைப் படிப்பவர்கள் இந்த இடத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

இரண்டாவது கடைசிக்கால நாவல். டிம் லஹே, ஜெரி ஜென்கின்ஸ் இருவரும் 1995-இல் தொடங்கிய 'லெஃப்ட் பிஹைண்ட்' வரிசை 2007 வரை 16 புத்தகங்களாக நீண்டு, ஆறு கோடிக்கும் மேல் விற்றது. அட்லாண்டிக் கடலுக்கு மேலே பறக்கும் விமானத்தில் பயணிகள் சிலர் திடீரென்று மறைந்துபோகிறார்கள், இருக்கையில் அவர்களுடைய உடைகள் மட்டும் கிடக்கின்றன. கிறிஸ்து தம்முடைய விசுவாசிகளைத் திடீரென்று எடுத்துக்கொள்வார் என்று, தமிழ்ச் சபைகளில் 'இரகசிய வருகை' என்ற பெயரில் பிரசங்கிப்பதுதான் இது. அதற்குப் பின் ஏழு ஆண்டு உபத்திரவம், அந்திக்கிறிஸ்து, பின்பு ஆண்டவரின் பகிரங்க வருகை. கதைசொல்லிக்கு இது கையில் கிடைத்த கடிகாரம். முடிவு எப்போது என்று வாசகருக்குத் தெரியும், எந்தப் பாத்திரம் அதுவரை பிழைக்கும் என்பதுதான் தெரியாது. திகில் அங்கிருந்து வருகிறது.

புதிதாகப் படிப்பவர் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். இந்தக் கால அட்டவணை எல்லாக் கிறிஸ்தவர்களும் ஏற்பது அல்ல. 19-ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி என்ற போதகர் பரப்பி, 1909-இல் வந்த ஸ்கோஃபீல்டு வேதாகமத்தின் குறிப்புகள் வழியாக அமெரிக்காவில் வேரூன்றிய விளக்கம் அது. கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையாரும் லூத்தரன்களும் வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தை வேறு விதமாக வாசிக்கிறார்கள். நாவலில் உயிரோடு பார்த்துவிட்ட காட்சி வேதாகமத்திலேயே அப்படித்தான் இருக்கிறது என்று மனதில் பதிந்துவிடுவது இந்த வகையின் உண்மையான அபாயம்.

ஏன் பிடிக்கிறது

'சுத்தமாக இருக்கும், பயமில்லாமல் படிக்கலாம்' என்பது எல்லாரும் முதலில் சொல்லும் காரணம். அம்மா படித்துவிட்டு மகளிடம் கொடுக்கலாம், மகள் பாட்டியிடம் கொடுக்கலாம். இது உண்மைதான், ஆனால் இது மட்டும் என்றால் சிறுவர் புத்தகமே போதுமே.

அதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. நாள் முழுக்க மனதுக்குள் கடவுளோடு பேசிக்கொண்டிருப்பவர்கள் உலகில் ஏராளம். அடுப்படியில், பஸ்ஸில், ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தப் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். பொது நாவல்கள் பலவற்றில் அப்படிப்பட்டவர்களே இருப்பதில்லை. இருந்தால் பாசாங்குக்காரராகவோ ஏமாளியாகவோ இருப்பார்கள். கிறிஸ்தவ நாவலில் அந்த உள்பேச்சு கதையின் ஒரு சம்பவம். ஜெபிக்கிறாள், பதில் வரவில்லை, அதனால் கோபப்படுகிறாள், அந்தக் கோபத்தில் ஒரு தவறு செய்கிறாள், கதை திரும்புகிறது. தன் மனதில் நடப்பது நாவலில் நடக்கத் தகுந்ததுதான் என்று அந்த வாசகர் காண்கிற இடம் இது.

வேதாகமப் பாத்திரக் கதைகளுக்கு வேறு ஓர் ஈர்ப்பு. ஓசியா புத்தகத்தின் 14 அதிகாரங்களில் அவன் குடும்பக் கதை முதல் அதிகாரத்திலும் மூன்றாம் அதிகாரத்திலும் சில வரிகளோடு முடிந்துவிடும். கோமேர் என்ன நினைத்தாள் என்று ஒரு வார்த்தை இல்லை. அந்த மௌனத்துக்குள்தான் நாவலாசிரியர் நுழைகிறார்.

முடிவு நம்பிக்கையூட்டுவதாக இருக்கும் என்ற உறுதியும் ஒரு காரணம். துக்கத்தில் இருப்பவர்கள் இந்த நாவல்களைத் தேடுவதை இதோடு சேர்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

எங்கே சறுக்குகிறது

பிரசங்கம் பாத்திரங்களின் பேச்சாக வருவது முதல் குறை. இரண்டு பேர் காபி குடிக்க உட்காருவார்கள், ஒருவர் அரைப் பக்கம் வேத வசனம் மேற்கோள் காட்டுவார், மற்றவர் கண் கலங்கித் தலையாட்டுவார். நிஜத்தில் யாரும் அப்படி இடைமறிக்காமல் கேட்பதில்லை. நல்ல எழுத்தாளர் எதிர்ப்பேச்சையும் வலுவாக எழுதுவார். அவிசுவாசியின் வாயில் நல்ல வாதம் ஒன்றுகூட இல்லாத நாவலில் விசுவாசியின் பதிலுக்கும் மதிப்பில்லை.

அடுத்தது காதல் கதைகளில் மட்டும் வரும் நுட்பமான சிக்கல். 'அந்நிய நுகத்திலே அவிசுவாசிகளுடன் பிணைக்கப்படாதிருப்பீர்களாக' என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில் இருக்கிறது. அதன்படி கதாநாயகி விசுவாசியாக இருந்தால், கல்யாணத்துக்கு முன் நாயகனும் மனந்திரும்பியாக வேண்டும். வாசகருக்கும் இது தெரியும். ஆக, 250-ஆம் பக்கத்தில் அவன் முழங்கால்படியிடும்போது, 'பெண் கிடைப்பதற்காகச் செய்கிறானோ' என்ற சந்தேகம் வந்துவிடும். கைதேர்ந்தவர்கள் இதைத் தவிர்க்க, அவள் தனக்கு இனிக் கிடைக்கவே மாட்டாள் என்று அவன் உறுதியாக நம்பும் கட்டத்தில் மனமாற்றத்தை வைப்பார்கள், அல்லது அவளுக்குத் தெரியாமலே அது நடக்கும்படி செய்வார்கள். ஒரு நாவலின் தரத்தை அளக்க இந்த ஓர் இடத்தைப் பார்த்தாலே போதும்.

மனந்திரும்பிய மறு அத்தியாயத்தில் கடன் தீர்ந்து, நோய் குணமாகி, வில்லன் கைதாவதும் உண்டு. விசுவாசம் லாட்டரிச் சீட்டு போல ஆகிவிடும் இடம் அது.

முதல் புத்தகத்தை எப்படி எடுப்பது

முதுகுப் பட்டையில் பதிப்பகத்தின் பெயரைப் பாருங்கள். பெத்தனி ஹவுஸ், ரெவெல், டிண்டேல், சோண்டர்வன், தாமஸ் நெல்சன் என்றிருந்தால் மேலே சொன்ன விதிகளுக்குள் வருவது. சோண்டர்வனும் தாமஸ் நெல்சனும் இப்போது ஹார்ப்பர்காலின்ஸ் என்ற பெரிய பொதுப் பதிப்பகத்தின் குடையின் கீழ் இருந்தாலும் விதிகள் போய்விடவில்லை. பெயர் தெரியாத பதிப்பகம் என்றால், கிறிஸ்டி விருது பெற்றதா என்று தேடலாம். 1999-இல் நிறுவப்பட்ட அந்த விருது, கேத்தரின் மார்ஷல் 1967-இல் எழுதிய 'கிறிஸ்டி' நாவலின் பெயரைத் தாங்கியது.

ஆங்கிலத்தில் நீண்ட நாவல் படித்துப் பழக்கமில்லை என்றால், ஹார்லெக்வின் 1997 முதல் வெளியிடும் 'லவ் இன்ஸ்பயர்டு' வரிசை ஏறக்குறைய 55,000 சொற்களில் முடிந்துவிடும், மொழியும் எளிது. ஆனால் அச்சில் வார்த்தது போல ஒன்றுக்கொன்று ஒத்திருக்கும், இரண்டு மூன்றுக்கு மேல் அலுப்புத் தட்டலாம். வரிசை நாவல் என்றால் எத்தனையாவது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். இந்த அலமாரியில் வரிசைகள் மிக அதிகம், மூன்றாம் புத்தகத்தில் தொடங்கினால் முதல் இரண்டின் ரகசியமும் போய்விடும்.

கடையிலோ மின்னூல் மாதிரியிலோ முதல் 20 பக்கம் படிக்கும்போது முதல் ஜெபம் எங்கே வருகிறது என்று கவனியுங்கள். நல்ல நாவலில் அது இரண்டு மூன்று வரியில், அந்தப் பாத்திரத்தின் கோணல்களோடு இருக்கும். யார் வாயிலும் பொருந்தக்கூடிய அழகான ஜெபமாக இருந்தால் கீழே வைத்துவிடலாம். சரித்திர நாவலாக இருந்தால் கடைசியில் உள்ள ஆசிரியர் குறிப்பை முதலிலேயே புரட்டுங்கள், எது வரலாறு, எது கற்பனை என்று நேர்மையானவர்கள் அங்கே பிரித்துச் சொல்லியிருப்பார்கள். வேதாகமக் கதை என்றால் மூலத்தை நாவலுக்கு முன்பே ஒரு முறை வாசித்துவிடுவது நல்லது. ரூத் புத்தகம் நான்கே அதிகாரம், அரை மணி நேரம்கூட ஆகாது; அதைப் படித்துவிட்டு நாவலுக்குள் போனால், எந்த இடத்தில் எழுத்தாளர் சொந்தமாகச் சேர்க்கிறார் என்பது போகப்போகத் தெரியும்.